மகளுக்காக நான் பேசப் போன காலை

என் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்குக்குப் போன வருடம், பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் லூனாஸில் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் ஜொகூரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், நன்றாகத் தூங்குவார், திரும்பப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நான், மகள், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகன், மூன்று பேர்தான்.

மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடமே எங்களுக்குத் திணறலாகிவிட்டது. பள்ளி பஸ்ஸுக்கு வழியில்லாமல் சில நாள் அவள் வீட்டிலேயே இருந்தாள். இதைக் கேள்விப்பட்ட கோயில் சிநேகிதி ஒருத்தி, ஓர் உதவிக் குழுவிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தோட்டங்களிலிருந்தும் எங்களைப் போன்ற வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் ஐந்தாம் படிவம் முடிக்க வேண்டும் என்று நடத்தப்படும் குழு அது. பஸ், பயிற்சிப் புத்தகம், டியூஷன் எல்லாவற்றையும் ஓர் ஆதரவாளர் ஏற்றுக்கொள்வார். அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வழிகாட்டியாக ஒருவர் வீட்டுக்கே வந்து போவார்.

என் மகளுக்குச் செலவு செய்தவர் தஞ்சோங் டாவாயில் கருவாடும் நெத்திலியும் விற்கிறவர். அவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், குழுவின் தீபாவளி விருந்தில். நன்றி சொல்லப் போனால் மனிதர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படிக்கட்டும்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

வழிகாட்டியாக வந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். அலோர் ஸ்டாரில் பிறந்து வளர்ந்தவள். சுங்கை பட்டாணியில் ஓர் அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில் வேலை. வார விடுமுறையான சனிக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குக் காடியை ஓட்டிக்கொண்டு வருவாள். முதல் நாள் வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், ஒரு கேக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. என் மகளுக்கும் அவளுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கேக்கைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் மூன்று மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. என் மகள் அவளை "அக்கா, அக்கா" என்று சுற்றிக்கொண்டே இருந்தாள். கணக்குப் பாடம் மட்டுமில்லை, எல்லாம் அக்காவிடம்தான். பள்ளியில் யார் யாரோடு சண்டை, சிக்கு என்று கூப்பிடும் ஆசிரியர்களில் யார் திட்டினார், பிற்காலத்தில் என்ன ஆகவேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போக என் மகளுக்கு ஆசை என்பதே எனக்கு அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும்.

மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்கு அது வலித்தது. நல்ல பெண், நம் பிள்ளைக்கு நல்லது செய்கிறாள், இதெல்லாம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் அவளுக்குப் பிடிக்கும் என்று நானே இடியப்பம் பிழிந்து வைப்பேன். ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து சிரிக்கும்போது, அடுப்பங்கரையில் நிற்கும் எனக்கு நம் வீட்டிலேயே நாம் விருந்தாளி மாதிரி இருக்கும். நான் ராத்திரி எல்லாம் நின்று வேலை செய்து, காலையில் வந்து விழுந்து தூங்கி, எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளை எப்போது வந்தாள், என்ன சாப்பிட்டாள் என்பதே சில நாள் தெரியாது. அப்படி இருக்கும்போது யாரைக் குறை சொல்ல முடியும்?

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

படிவம் மூன்று முடிந்து, விடுமுறை முடிந்து, பள்ளி திறந்தது. முதல் நாளே என் மகள் முகம் வாடித் திரும்பி வந்தாள். அவளை அறிவியல் வகுப்பில் போடவில்லை. கணக்கியல் படிக்கும் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஆய்வுக்கூட வேலைக்குப் படிக்க வேண்டுமென்றால் அறிவியல் பாடங்கள் வேண்டும். வகுப்பு மாற வேண்டுமென்றால் பெற்றோர் நேரில் வந்து துணைத் தலைமையாசிரியையிடம் பேச வேண்டும், அதுவும் அடுத்த வாரத்துக்குள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

இதில் எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்ததே வேறு விதமாக. ஒரு மத்தியானம் தாகமாக இருந்ததால் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தேன். அவள் பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். விஷயம் முழுவதையும் அக்காவிடம் சொன்னாள். கடைசியில், "நீங்க கார்டியன்னு சொல்லிட்டு வாங்கக்கா. அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

தண்ணீர் குடிக்காமலே நான் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை நன்றாகத்தான் படித்தேன். பிறகு டவுனில் இடைநிலைப்பள்ளி. மலாய் மொழி பழகுவதற்காக ஒரு வருடம் ரிமூவ் வகுப்பில் இருந்தும் எனக்கு நாக்கு புரளவில்லை. ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்று நான் சொன்ன பதிலைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியரும் சேர்ந்து. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. இரண்டாம் படிவத்தோடு நின்று வேலைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து இடைநிலைப்பள்ளி கேட்டைக் கண்டாலே வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுவேன். மகளின் தேர்ச்சி அறிக்கையை எடுத்து வரும் நாளில்கூட, ஷிஃப்ட் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிக்குள் ஒரு தடவைகூட நான் கால் வைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா வந்தாள். வழக்கம்போல மேசையில் புத்தகத்தை விரிக்கவில்லை. என் மகளைக் கடைக்கு அனுப்பி ஏதோ வாங்கி வரச் சொன்னாள். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, நான் தேங்காய் துருவும் இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன்.

"நீயே போய்ப் பேசிடுமா. உனக்குத்தான் எல்லாம் தெரியும், மலாய் நல்லா வரும். நான் போனா காரியம் கெட்டுப் போயிடும்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நான் வந்து பேசலாம் ஆண்ட்டி. எனக்கு அது பெரிய வேலை இல்ல. ஆனா அரசாங்க வேலை, நாளைக்கே எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துட்டா? அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பள்ளி இருக்கு. அங்க அவளுக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு பள்ளிக்குத் தெரியணும். அது நீங்களாதான் இருக்கணும்."

எனக்கு மலாய் வராது என்று மறுபடியும் சொன்னேன்.

"வேலைக்காட்டுல, ஃபேக்டரில, உங்க லைன்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

நேப்பாளி, வங்காளதேசி, மலாய்க்காரப் பெண்கள், எல்லோரும் என்றேன். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

"அவங்ககிட்ட எந்த மொழில சொல்லிக் குடுப்பீங்க?"

மலாயில்தான். சூப்பர்வைசரோடு வாக்குவாதம் செய்வதுகூட மலாயில்தான். இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், அதை ஒரு மொழி என்றே நான் நினைத்ததில்லை. வேலைக்குப் போடும் காலணி மாதிரி, அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் கடையிலிருந்து திரும்பியதும் ஒத்திகை நடந்தது. அக்கா ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னுடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணைத் தலைமையாசிரியை ஆகிவிட்டாள். கட்டைக் குரலில், என்ன விஷயம் என்று மலாயில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் மகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் போவதில் அவளுக்கு இஷ்டமில்லை என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் மகன் வந்து பள்ளிக்கூடக் காவலாளி மாதிரி வாசலில் நின்று என்னிடம் அடையாள அட்டை கேட்டபோது அவளும் சிரித்துவிட்டாள். நான்கு வாக்கியங்களை அக்கா எனக்குப் பழக்கினாள். வணக்கம் சொல்வது, யாருடைய அம்மா என்று சொல்வது, என்ன வேண்டும் என்று கேட்பது, நன்றி சொல்வது.

செவ்வாய்க்கிழமை போவதாக முடிவு. விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால் ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்குப் போனேன். நீலச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை, காலில் வேலைக்காட்டுச் சப்பாத்து. தலையில் தொப்பி போட்ட அடையாளம்கூட நெற்றியில் இருந்தது. அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கேட் அருகே காத்திருந்தாள். பசியாறிட்டீங்களா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் இறங்காது என்றேன்.

கேட்டில் நின்ற கார்டிடம் அடையாள அட்டையைக் கொடுத்து உள்ளே போனோம். அலுவலகத்துக்கு வெளியே நீளமான பெஞ்ச் ஒன்று இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்துவிட்டாள். நீயும் வாம்மா என்று கையைப் பிடித்தேன். "நான் இங்கதான் இருப்பேன், போய்ட்டு வாங்க" என்றாள். அந்த நொடி அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதற்குள் அலுவலகப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

துணைத் தலைமையாசிரியை ஒரு மலாய்க்கார அம்மா. நான் பயந்த மாதிரி இல்லை, அமைதியாக உட்காரச் சொன்னார். என் மகளையும் வகுப்பிலிருந்து வரவழைத்தார். அவள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒத்திகை பார்த்த முதல் இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவது மறந்துபோனது. அவரே புரிந்துகொண்டு, வகுப்பு மாற்றத்துக்குத்தானே வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கணினியைப் பார்த்தபடி விளக்கினார். உங்கள் மகள் நல்ல பிள்ளை, நடத்தையில் ஒரு குறையும் இல்லை. வருடம் முழுக்க கணக்கில் நன்றாகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் ஆண்டிறுதித் தேர்வில் கணக்கு ரொம்பவும் விழுந்துவிட்டது. அறிவியல் வகுப்பில் கூடுதல் கணிதம் படிக்க வேண்டும், அது கடினம், ஆண்டிறுதித் தேர்வை வைத்துத்தான் வகுப்பு பிரிக்கிறோம், பிள்ளை அங்கே போய்த் திண்டாடக் கூடாது என்றுதான் இப்படிச் செய்தோம் என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. சரி சிக்கு என்று எழுந்து வந்திருப்பேன். ஆனால் அந்த ஒரு தேர்வில் மட்டும் ஏன் விழுந்தாள் என்பது எனக்கு உறுத்தியது. அது எப்போது நடந்தது என்று கேட்டேன். ஒத்திகையில் இல்லாத கேள்வி, தானாக வாயில் வந்தது.

விடுமுறைக்கு முந்திய வாரம் என்றார்.

அந்த வாரம் நான் கூலிம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டெங்கிக் காய்ச்சல். ரத்தத் தட்டு இறங்கிக்கொண்டே போய், எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்காரர் ஜொகூரிலிருந்து வந்து சேரத் தாமதமாகிவிட்டது. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என் மகள்தான் எல்லாம் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பள்ளிச் சீருடையோடு பஸ் ஏறி வார்டுக்கு வருவாள். வீட்டுக்குப் போய்த் தம்பிக்குச் சமைத்து, எனக்குக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு மறுபடியும் வருவாள். வருடக் கடைசிதானே, பள்ளியில் பாடம் ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். தேர்வைப் பற்றி நான் கேட்டதற்கு, "அதெல்லாம் முடிஞ்சதும்மா" என்று சொல்லியிருந்தாள்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இலக்கணமெல்லாம் பார்க்கவில்லை, வேலைக்காட்டில் பேசுகிற அதே மலாயில் சொன்னேன். நடுவில் ஒரு சொல் வராமல் கையால் ஊசி குத்துவதுபோல் காட்டினேன். "சிக்கு, அந்த வாரம் இந்தப் பிள்ளைதான் எனக்கு அம்மா. படிக்க நேரம் இருந்திருக்காது. புத்தியில்லாமல் விழவில்லை, நான் விழுந்ததால் விழுந்திருக்கிறாள்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். என் மகள் தரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

துணைத் தலைமையாசிரியை எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். இதை ஏன் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லவில்லை என்று மென்மையாகத்தான் கேட்டார். சாக்கு சொல்கிறேன் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன் என்றாள் என் மகள்.

அவர் உடனே ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கணக்கு ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, அடுத்த வாரம் இவளுக்கு மட்டும் ஒரு கணக்குத் தேர்வு வைக்கச் சொல்கிறேன், தேறினால் அறிவியல் வகுப்பு, தேறாவிட்டால் இருக்கும் வகுப்பிலேயே மனசு வைத்துப் படிக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். மகளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். சம்மதம் என்றேன். வெளியே வரும்போது, உடம்பு இப்போது தேவலையா என்று என்னை விசாரித்தார்.

பெஞ்சில் அக்கா இல்லை. எட்டிப் பார்த்தால் கேண்டீன் பக்கம் போய், மூன்று கிளாஸ் மைலோவோடு வந்துகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் காரியம் கெட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டாள், பாவம். நடந்ததைச் சொன்னேன். அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் மகளைப் பார்த்தாள்.

"எங்கிட்ட வெறும் காய்ச்சல்னுதானே சொன்ன" என்றாள்.

அந்த மாதம் அக்கா பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது நான் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டேன். யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஆண்ட்டி, நான் போய்ப் பேசியிருந்தா கெஞ்சத்தான் முடிஞ்சிருக்கும். இது எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மைலோவைக் குடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மகள் வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். போகும்முன் என் கழுத்தில் திரும்பிக் கிடந்த பெயர் அட்டையை நேராக்கிவிட்டாள். நல்லபடி வீட்டுக்குப் போங்கம்மா என்றாள். சின்னப் பிள்ளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு படுத்திருந்தேன். மகள் பள்ளி விட்டு வந்து, கதவை மெதுவாகத் திறந்து பார்த்தாள். நான் விழித்திருப்பதைக் கண்டதும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். எல்லாத்தையும் அக்காகிட்ட சொல்ற, எங்கிட்ட ஏன் சொல்றதில்ல?

அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க தூங்கிட்டு இருப்பீங்கம்மா. ராத்திரி பூரா நின்னுட்டு வர்றவங்கள எழுப்ப எனக்கு மனசு வராது" என்றாள்.

இத்தனை நாளாக நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்காத அம்மா என்று வெட்கப்படுகிறாள், என்னைவிட அக்காவைப் பிடித்துவிட்டது என்றெல்லாம். அந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்று, எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துத் திரும்பிப் போயிருக்கிறாள். எத்தனை தடவையோ.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அவள் பள்ளி விட்டு வந்ததும் என்னை எழுப்பிவிட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணி குடிப்போம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். பாதி புரியாது. ஆனாலும் கேட்பேன். அதற்குப் பிறகு மறுபடியும் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

கணக்குத் தேர்வுக்கு அந்த வாரம் முழுக்க அக்கா வேலை முடிந்து சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தாள். மகள் தேறினாள். பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஆனால் வகுப்பு மாறுவதற்குப் போதுமாக இருந்தது. அதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கூடுதல் கணிதத்தின் முதல் தேர்விலேயே தோற்று வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். துணைத் தலைமையாசிரியை சொன்னது சரியாகிவிட்டதோ என்று எனக்கும் பயம் வந்தது. குழுவில் பேசி அவளுக்குத் தனியாக ஒரு டியூஷன் ஏற்பாடு செய்தார்கள். அதற்கும் தஞ்சோங் டாவாய்க்காரர்தான் சரி என்று சொன்னாராம். மெதுவாக, தட்டுத் தடுமாறி, பிள்ளை மேலே வந்தாள்.

அடுத்த வருடம் அக்காவுக்கு கிளந்தானுக்கு மாற்றல் வந்தது. போகும் நாளில் என் மகள் அழுததைவிட நான்தான் அதிகம் அழுதேன். இடியப்பம் பிழிந்து கட்டிக் கொடுத்தேன். பிறகு பள்ளியில் எதற்குக் கூப்பிட்டாலும் நானேதான் போனேன். ஒரு தடவை கூட்டத்தில் எழுந்து, பள்ளி பஸ் மழை நாளில் தாமதமாக வருவதைப் பற்றிக் கேள்விகூடக் கேட்டேன். என் மலாயைக் கேட்டு யாரோ ஓரிருவர் சிரித்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை, எனக்கு பஸ்ஸைப் பற்றித்தான் கவலை.

என் மகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து இப்போது பினாங்கில் மருத்துவ ஆய்வுக்கூட டிப்ளோமா படிக்கிறாள். இரண்டாம் வருடம். அக்காவோடு தொலைபேசியில் பேசுகிறாள், என்னோடும் பேசுகிறாள். யாரிடம் முதலில் சொன்னாள் என்று நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

நானும் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டேன். அந்தக் குழுவோடு விடுமுறை நாளில் வீடுகளுக்குப் போய் வருகிறேன். படிப்புச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. பிள்ளைகள் உள்ளே வழிகாட்டிகளோடு உட்கார்ந்திருக்கும்போது நான் அம்மாக்களோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசுவேன். போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில், பையனைப் பற்றி எனக்கு என்னங்க தெரியும், அவனுக்கு எல்லாம் வழிகாட்டியா வர்ற அந்த சார்தான் என்று ஒரு அம்மா சொன்னாள். காலையில் எழுந்ததிலிருந்து பையன் என்னென்ன செய்வான் என்று கேட்டேன். ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, குடிக்கக் கொடுத்த தண்ணீர் கையிலேயே இருந்தது. இதையெல்லாம் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கியா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொல்லணும்லா என்றேன். வர்ற வாரம் போறேன்க்கா என்றாள்.

என் மகளுக்குக் கிடைத்த உதவியைப் பற்றி யாராவது கேட்டால் பஸ்ஸையும் புத்தகத்தையும் டியூஷனையும் நன்றியோடுதான் சொல்வேன், ஆனால் உண்மையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி, எனக்குப் பதிலாகப் பேச முடிந்த ஒரு பெண் என் மேல் நம்பிக்கை வைத்து அன்று காலை பேசாமல் இருந்ததுதான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.